பல்லில் கடித்த கயிறு

கஸ்பாருக்கு இரண்டு காதும் கேட்காது. பட்டறையில் அது ஒருவருக்கும் தெரியாது.

முதல் காது இருபத்திரண்டு வயதில் போனது. சங்கு குளிக்க இறங்கியிருந்தான். எட்டுப் பாகம் ஆழத்தில் தலைக்குள் ஏதோ உடைந்தது. மேலே வந்து வள்ளத்தைப் பிடித்தபோது கழுத்து வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "ஒடஞ்சிட்டா? விடுல, இனிமே வலிக்காது" என்றான். அது உண்மைதான். உடைந்த காதோடு குளிப்பது சுலபம். இரண்டாவது காது முப்பத்தைந்து வயதில் உடைந்து சீழ் வைத்தது. தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் தலை சுற்றியது. இரண்டு தடவை மற்றவர்கள் இழுத்துப் போட்டுத்தான் பிழைத்தான். அத்தோடு கடலை விட்டான்.

குளியாட்கள் குடியிருக்கும் தெருவில் செவிடு பெரிய விஷயமில்லை. அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். பாதிப் பேச்சு கையால் நடக்கும். எதிரே நிற்பவன் வாயைப் பார்த்தே கஸ்பார் பேச்சைப் பிடித்துக்கொள்வான். அடர்ந்த மீசைக்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் தடுமாறுவான்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கரையோரத்துப் பட்டறையில், கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற தட்டையான இரும்புப் பார்ஜுகள் பழுது பார்க்க வந்து குவிந்தன. ஸ்டோரில் கயிறும் கப்பியும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கஸ்பார் போய் நின்றான். போர்மேன் கிருபாநிதி நாசரேத்துக்காரர், அங்கே தொழில் படித்து வந்தவர். மழித்த முகம். அதுவே கஸ்பாருக்குப் பாதி அதிர்ஷ்டம்.

"குளியாளா? காது கேக்குமா வே?"

"நல்லா கேக்கும் ஐயா."

வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை பட்டறைச் சீட்டுக்கு அரிசியும் கிடைத்தது. ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த வருஷம் அது.

பட்டறைக்குள் அவன் மற்றவர்களை விடத் தேறியவனாகவே இருந்தான். ஆணி அடிக்கிற சத்தத்திலும் துரு கொத்துகிற சத்தத்திலும் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாரும் கையாட்டித்தான் பேசவேண்டும். கஸ்பாருக்கு அது பிறந்த பாஷை மாதிரி.

பிறகு காற்று மிசின் வந்தது. லாரி மேல் ஏற்றிய கம்ப்ரசர் ஒன்றை ராணுவத்திடமிருந்து என்ஜினீயர் துரை வாங்கிவந்தார். அதிலிருந்து ரப்பர் ஓஸ் குழாய் போகும். ஓஸின் முனையில் கையில் பிடிக்கிற மிசின், மிசினில் சாணைக்கல். வெல்டிங் பிசிறையும் துருவையும் அது வெண்ணெய் மாதிரி வழித்தது. கிருபாநிதி ஒரு எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நின்று ஆட்களுக்குப் பாடம் நடத்தினார்.

"கல்லு மாத்துததுக்கு முந்தி காத்த அடைக்கணும். ஓசுல நிக்கிற காத்தையும் வெளிய விட்டுட்டுத்தான் மிசினக் கழட்டணும். கல்லு மேல எழுதியிருக்க வேகம் மிசின் வேகத்துக்குத் தாங்குமான்னு பாக்கணும். கண்ணாடி போடாம தொடக்கூடாது. கல்லச் சுத்தி இருக்க தகட்டு மூடியக் கழட்டக்கூடாது. புதுக் கல்ல மாட்டினா இந்த இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு ஒரு நிமிசம் சும்மா ஓட்டணும். நேர் எதுத்தாப்புல ஒருத்தனும் நிக்கக்கூடாது. காத்த வச்சு சட்டையில தூசி ஊதுனான்னு எவனையாவது பாத்தேன், அன்னைக்கே சீட்ட கிழிச்சிருவேன்."

"ஒரு சாணைக்கல்லுக்கா ஐயா இம்புட்டு?" என்றான் ஆட்களில் ஒருவனான பொன்னுதுரை.

"ஏலே, இது ஒங்க ஊரு அருவா தீட்டுத கல்லு இல்ல. நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்து சுத்துது. ஒடஞ்சா துவக்குக் குண்டு மாதிரி வரும். குண்டுக்காவது சுடுதவன் குறி பாப்பான்."

கடைசியாக ஒன்று காட்டினார். கல்லின் துளையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, மரச்சுத்தியின் பிடியால் தட்டினார். நல்ல கல் வெண்கலம் போல் பாடும். கீறல் விழுந்த கல் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் போடும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காதுதான் காட்டிக்கொடுக்கும். தினமும் வேலை தொடங்குமுன் எல்லாக் கல்லையும் தட்டிப் பார்த்து, நல்லதில் சாக்கட்டிக் குறி போடுவது ஸ்டோர்க்காரன் வேலை.

கஸ்பார் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

அன்று எல்லாரும் போன பிறகு ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல கல்லையும் கெட்ட கல்லையும் மாறி மாறித் தட்டினான். இரண்டும் ஒன்றுதான். விரலில் கயிற்றைச் சுற்றித் தட்டினான். கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் நம்பமுடியவில்லை. அப்புறம் வள்ளத்தின் ஞாபகம் வந்தது. இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வது அங்கே வழக்கம். கயிற்றின் மறுமுனையில் இருப்பவன் அசைவதெல்லாம் தாடை எலும்பில் தெரியும். அதே மாதிரி கயிற்றைக் கடித்து, கல்லைத் தொங்கவிட்டுத் தட்டினான்.

நல்ல கல் தாடை வழியாக மண்டைக்குள் ஏறி, நெடுநேரம் நடுங்கி மெதுவாக அடங்கியது. பத்து வருஷத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் சத்தம் அது. கெட்ட கல் ஒரு இடி இடித்துவிட்டுச் செத்துப்போனது.

அன்றிலிருந்து கதவு திறக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, ஸ்டோருக்குள் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் பல்லால் பார்த்தான். இரண்டு வருஷம். அவன் குறி போட்ட கல் ஒன்றுகூட உடையவில்லை.

"கஸ்பார் அண்ணாச்சி காதுல மாதாவே வந்து சொல்லுதா போல" என்று பொன்னுதுரை கேலி பண்ணுவான்.

கேலி போகப் போக நம்பிக்கையாகிவிட்டது. கஸ்பார் குறி இருந்தால் போதும், ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் வீண் என்று ஆட்கள் விட்டுவிட்டார்கள். இரும்புப் பெட்டிக்குள் வெயில் படாது என்று சோற்றுத் தூக்குகளை வைக்க ஆரம்பித்தார்கள். தகட்டு மூடி பார்ஜின் மூலை முடுக்குகளில் இடித்ததால் அதையும் கழற்றினார்கள். கிருபாநிதி முதலில் திட்டினார். பிறகு வேலை வேகமாக நடப்பதைப் பார்த்துத் திட்டுவதை நிறுத்தினார்.

பொன்னுதுரைதான் அந்த மிசினில் முதல் ஆள். தேரிக்காட்டில் பனையேறிக்கொண்டிருந்தவன். மணிக்கட்டு இரும்பு மாதிரி இருக்கும். ஆனாலும் நாள் முழுக்க மிசின் குலுக்கியதில் சாயங்காலம் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக, உணர்ச்சியில்லாமல் கிடக்கும். பீடி பற்றவைக்க இன்னொருவன் வேண்டும். பெரும்பாலும் கஸ்பார்தான் பற்றவைத்துக் கொடுப்பான்.

"ஒமக்குக் காது, எனக்குக் கை. ரெண்டுல எது மொதல்ல போவுதுன்னு பாப்போம் அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னான். கஸ்பார் சிரித்துவைத்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய கல் எல்லாம் தேய்ந்து தீர்ந்தது. புதுப் பெட்டி அப்போதுதான் தோணியிலிருந்து இறங்கி வந்திருந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே வைக்கோல் கடல் தண்ணீரில் நனைந்து கிடந்தது. கிருபாநிதி அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்ஜ் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"கஸ்பாரு, இங்கன வச்சே ஒரு கல்லத் தட்டிக் குடும்."

"ஸ்டோருக்குக் கொண்டு போயி பாத்துட்டு வாரேன் ஐயா. அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசமா? தொர மேல நின்னு கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. இருட்டுததுக்குள்ள பார்ஜு தண்ணியில எறங்கணும், கப்பல் காத்துக்கிட்டு கெடக்கு. தட்டும் வே."

சொல்லிவிட்டு அவர் திரும்பி, ஆணி அடிப்பவர்களை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கஸ்பாருக்குச் சத்தம் சரியாகக் கேட்கவேண்டுமாம். பட்டறை முழுக்கச் சுத்தியல்கள் நின்றன. பிறகு அவர் துரையிடம் பேச ஏணியில் ஏறிப் போனார். ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கஸ்பாரையே பார்த்தார்கள்.

இத்தனை பேர் முன்னால் கயிற்றைப் பல்லில் கடிக்க முடியாது. கடித்தால் ஏன் என்று கேட்பார்கள். கஸ்பார் கயிற்றை விரலில் சுற்றினான். கல் தொங்கியது. தட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுக்கம் தரை வழியாகக் காலில் ஏறி, முழங்கையில் ஏறி, விரல் வரைக்கும் வந்தது. கல்லின் நடுக்கம் எது, கம்ப்ரசரின் நடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை. இன்னொரு தடவை தட்டினான்.

பக்கத்தில் நின்ற பொன்னுதுரையின் புருவம் சுருங்கியது.

"அண்ணாச்சி, சத்தம் சப்புன்னு இருக்கே?"

கஸ்பார் அந்த வாயை முழுசாகப் படித்தான். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. 'பொறு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். மேலே ஏணியிலிருந்து கிருபாநிதி குனிந்து, என்ன என்று கேட்பதுபோல் தலையை அசைத்தார். காது கேக்குமா வே என்று முதல் நாள் கேட்ட அதே முகம். இந்த வேலை போனால் உப்பளம்தான். அரிசிச் சீட்டும் போகும்.

"நனஞ்ச கல்லுலே. நனஞ்சா அப்பிடித்தான் இருக்கும். நல்ல கல்லுதான்" என்றான் கஸ்பார். சாக்கட்டியால் குறி போட்டான்.

"நீரு சொன்னா சரிதான்."

பொன்னுதுரை காற்றை அடைத்தான். ஓஸில் நின்ற காற்றை வெளியே விட்டான். கல்லை மாட்டி இறுக்கினான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். அவன் செய்யவேண்டியதில் பெரும்பாலானதைச் சரியாகத்தான் செய்தான். இரும்புப் பெட்டிக்குள் நாலு சோற்றுத் தூக்கு இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் மூடியில்லாத மிசினோடு பார்ஜின் மூலைக்குள் குனிந்தான்.

கல் உடைந்தது கஸ்பாருக்குக் கேட்கவில்லை. அவன் குனிந்து ஈர வைக்கோலைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பல ஜோடிக் கால்கள் ஒரே பக்கம் ஓடுவதைப் பார்த்துத்தான் திரும்பினான். மிசின் தரையில் கிடந்து ஓஸோடு துள்ளிக்கொண்டிருந்தது. கிருபாநிதி ஏணியிலிருந்து குதித்து ஓடிக் காற்றை அடைத்தார். பொன்னுதுரை பார்ஜின் இரும்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடி உடையவில்லை. அதற்குக் கீழே, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில், கல் உள்ளே போயிருந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்திருந்தான். விரல்கள் எப்போதும் போல வெள்ளையாக இருந்து, பிறகு சிவந்தன.

லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் செத்துப்போனான்.

திங்கட்கிழமை ஆபீசில் விசாரணை. துரை கேட்டார், கிருபாநிதி தமிழில் சொன்னார், குமாஸ்தா எழுதினார்.

"கல்லத் தட்டிப் பாத்தீரா?"

"பாத்தேன்."

"சத்தம் எப்பிடி இருந்தது?"

கஸ்பார் கிருபாநிதியின் வாயைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

"நல்ல சத்தம்."

அவ்வளவுதான் விசாரணை. தகட்டு மூடியைக் கழற்றியதும் புதுக் கல்லை ஓட்டிப் பார்க்காததும் இறந்தவனுடைய அஜாக்கிரதை என்று எழுதினார்கள். கம்பெனி அவன் வீட்டுக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்பதும் அந்த ஒரு வரிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கஸ்பார் ஸ்டோரைத் திறந்தான். அந்த நனைந்த பெட்டியில் மிச்சம் பதினொரு கல் இருந்தது. மூன்று நாளில் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோத்துப் பல்லில் கடித்துத் தட்டினான். ஏழு பாடின. நாலு செத்துக் கிடந்தன. பெட்டியின் நசுங்கிய மூலையில் இருந்த நாலும். அவன் சனிக்கிழமை எடுத்ததும் அந்த மூலையிலிருந்துதான். நாலையும் சம்மட்டியால் அடித்து நொறுக்கினான். நொறுக்கி முடித்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிருபாநிதி ஆறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார்.

"தொர சொல்லிட்டாரு. இனிமே ஒவ்வொருத்தனும் தான் மாட்டுத கல்லத் தானே தட்டிப் பாக்கணும். ஓட்டியும் பாக்கணும். பட்டறையிலயே ஒசந்த காது கஸ்பாரு காதுதான், அவன்கிட்ட படிச்சுக்கங்கன்னாரு. சொல்லிக் குடும் வே."

பொன்னுதுரையின் மிசினுக்கு நல்லக்கண்ணு என்பவனைப் போட்டிருந்தார்கள். அதுவரை துரு கொத்திக்கொண்டிருந்தவன். பயந்துபோயிருந்தான். பொன்னுதுரையின் கண்ணாடியைத்தான் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணாச்சி, நல்ல சத்தம்னா அது எப்பிடி இருக்கும்? நீங்க தட்டிச் சொல்லுங்க, நான் மனசுல வச்சிக்கிடுதேன்."

கஸ்பார் கல்லைத் தூக்கினான். விரலில் சுற்றினான். தட்டவில்லை. ஆறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

"என்ன வே?" என்றார் கிருபாநிதி.

கஸ்பார் விரலிலிருந்து கயிற்றைக் கழற்றி, பல்லில் கடித்து, கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டினான். கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றான். ஒருவன் சிரித்தான். அவனே உடனே சிரிப்பை நிறுத்தினான். கண்ணைத் திறந்தபோது கிருபாநிதியின் முகம் மாறியிருந்தது. அவர் ஆட்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"எத்தன நாளா?"

"சேந்த அன்னையிலேருந்து ஐயா."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை பல்லுல வைக்கல. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொன்னுதுரை கேட்டான் ஐயா. சத்தம் சப்புன்னு இருக்குன்னு வாயத் தொறந்து கேட்டான். நாந்தான் நல்ல கல்லுன்னேன். அவன் மேல எழுதினத மாத்தி எழுதும்."

கிருபாநிதி கல் அடுக்கியிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்தி எழுதினா மொதப் பேரு என் பேருதான் வே. செவிடனக் கல்லுத் தட்ட வச்சது நானு. மூடியக் கழட்டுததப் பாத்துக்கிட்டு நின்னது நானு. பொட்டிய பார்ஜுகிட்டத் தூக்கிட்டு வந்ததும் நானு. எனக்கும் பிள்ளைங்க இருக்கு." பிறகு சொன்னார்: "ரிப்போட்டு மெட்ராசுக்குப் போயாச்சு. நாளைக்கு நீரு வரவேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் வாயை அகலமாகத் திறந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவனோடு செவிடனிடம் பேசுவதுபோல் பேசினார்.

வீட்டில் அவன் மனைவி மெட்டில்டா குசினியில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போர்மேன்கிட்ட சொல்லிட்டீங்க. பொன்னுதுரை பொஞ்சாதிகிட்ட?"

"இல்ல."

"அவகிட்டல்லா மொதல்ல சொல்லியிருக்கணும்."

மறுநாள் காலையில் கஸ்பார் பஸ்ஸில் போய் இறங்கி, செம்மண் தேரியில் நடந்தான். மணல் காலை வாங்கியது. பொன்னுதுரையின் வீடு பனையோலைக் குடிசை. வாசலில் அவன் அண்ணன் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தான். பொன்னுதுரையின் மனைவி இசக்கியம்மாள் கதவோரம் வந்து நின்றாள். பட்டறையில் கூட வேலை பார்த்தவன் என்று கஸ்பார் சொன்னதும், "பீடி பத்தவச்சுக் குடுக்க அண்ணாச்சியா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். பிறகு நின்ற இடத்திலேயே எல்லாம் சொன்னான். காது, கயிறு, சனிக்கிழமை, சாக்கட்டிக் குறி. எதையும் விடவில்லை.

"அவுக கேட்டாகளா?"

"கேட்டான். சத்தம் சப்புன்னு இருக்கே அண்ணாச்சின்னு கேட்டான்."

"நீரு?"

"நல்ல கல்லுன்னேன்."

"நீரு சொன்னதும் எடுத்து மாட்டிட்டாகளாக்கும்."

"ஆமா."

"அவுக தப்புன்னுல்லா கடுதாசி வந்திருக்கு. வாசிச்சுச் சொன்னவன் ஊரெல்லாம் சொல்லிட்டான், பயலுக்குக் கவனம் பத்தாதுன்னு. நீரு இத ஆபீசுல சொல்லலியா?"

"சொன்னேன். மாத்த மாட்டாங்களாம்."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தோள் அசைவதிலிருந்து அவள் பேசுகிறாள் என்று கஸ்பாருக்குத் தெரிந்தது. நெடுநேரம் பேசினாள். வைகிறாளா, அழுகிறாளா, பொன்னுதுரையிடம் பேசுகிறாளா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். அவள் இன்னும் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இசக்கியப்பன் எழுந்து வந்து நடுவில் நின்று, போ என்று கையைக் காட்டினான். அவன் முகத்தில் கோபம் இருந்த மாதிரியும் இல்லை.

அவள் என்ன சொன்னாள் என்று இசக்கியப்பனிடம் விசாரித்திருக்கலாம். கஸ்பார் விசாரிக்கவில்லை. வந்த வழியே மணலில் இறங்கினான். முன்பல்லின் ஓரத்தில் கயிறு அறுத்த சின்னப் பள்ளம் ஒன்று இருந்தது. ரோடு வரும்வரை நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவிக்கொண்டிருந்தது.